யார் கயிறு பிடித்தது

என் வேலையில் பெரும்பகுதி துப்புவது. ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. அடிலெய்டுக்கு வடக்கே, கோதுமை வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் மாறி மாறி வரும் ஒரு பள்ளத்தாக்கில், நடுத்தரமான ஒயின் ஆலை ஒன்றில் நான் ஒயின்மேக்கர். அறுவடைக் காலத்தில் தினமும் காலையில் காய்ந்த ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுத் தொட்டி தொட்டியாகப் போவேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, உதட்டை லேசாகத் திறந்து காற்றை உள்ளே இழுத்துக் குலுக்கி, கையிலிருக்கும் வாளியில் துப்புவேன். விழுங்கினால் பத்து மணிக்குள் படுத்துவிட வேண்டியதுதான். நாங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவன் நான். பூசையில் ஒயின் ஊற்றிய பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைக்கூட ஒரு சொட்டு சிந்தாமல் சாமியார் குடிப்பதை முழங்காலிட்டபடி பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே வந்த முதல் வருடம் துப்புவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்குவேன். கூட வேலைபார்த்த பெண் அதைக் கவனித்துவிட்டு, "உனக்கு ஒயின் பிடிக்காதா?" என்று கேட்டாள். "ரொம்ப மரியாதை" என்றேன். அவள் நான் மதுவைத் தொடாத மதத்துக்காரன் என்று எடுத்துக்கொண்டு, அன்று மாலை விருந்தில் எனக்கு மட்டும் ஆரஞ்சுச் சாறு ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தத் தயக்கம் எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது வேறு தயக்கம். போன வருட அறுவடைக்குப் பிறகு வந்தது. தொட்டியின் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டிய அந்த இடத்தில் என் உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன. நொதிக்கும் திராட்சைச் சாற்றின் மேல் நிற்பது எந்த வாயு என்று எனக்குத் தெரியும். தெரிந்தவனுக்குத்தான் இந்தப் பயம்.

அதை நான் முதலில் தெரிந்துகொண்டது எங்கள் வீட்டுக் குசினியில். கிறிஸ்துமஸுக்கு அம்மா ஒயின் போடுவாள். கறுப்புத் திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் பெரிய பீங்கான் சாடியில் போய், துணி கட்டி மூலையில் உட்காரும். சாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் துணியை விலக்கி ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி உள்ளே நீட்டினேன். சாற்றைத் தொடுவதற்கு வெகு முன்பே, வெறும் காற்றிலேயே, யாரோ விரலால் நசுக்கியதுபோல் நெருப்பு அணைந்தது. இன்னொன்று கொளுத்தினேன். அதுவும் அணைந்தது. என் தங்கை ரெஜினா பக்கத்தில் நின்று கைதட்டினாள். கல்லூரியில் வேதியியல் எடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. படிப்பு முடிந்து சாகுபுரத்து ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் காரம் அளக்கிற வேலை. பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயைத் திருகி, சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவதுதான் தினப்பாடு. என் மனைவி ஜெயா நர்ஸ். அவளுக்கு அடிலெய்டில் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்து, கைக்குழந்தை ஜெசியோடு நாங்கள் வந்தபோது, நான் அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். பல மாதம் சும்மா இருந்த பிறகு, அறுவடை நேரத்துக்கு மட்டும் ஆய்வகத்தில் ஆள் வேண்டும் என்று இந்த ஆலையில் கூப்பிட்டார்கள். மேசைமேல் அதே பியூரெட். காரத்துக்குப் பதில் திராட்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டும். கடைசிச் சொட்டில் எழும்பிய அதே இளஞ்சிவப்பைப் பார்த்தபோது, இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. அந்த அறுவடை முடிந்தும் என்னை அனுப்பவில்லை. ஆய்வகத்திலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து வேலை பார்த்துக்கொண்டே படிப்புக்கு, உதவி ஒயின்மேக்கர், பிறகு ஒயின்மேக்கர். எழுதினால் ஒரு வரியில் முடிகிறது. அந்த வரிக்குள்தான் என் தலை நரைத்தது, ஜெசி என்னைவிட உயரமானாள்.

ரெஜினா ஊரிலேயே இருந்தாள். அவள் கணவன் அந்தோணி சங்கு குளிப்பவன். வள்ளத்தில் போய், கடலடியில் மூச்சுப்பிடித்துச் சங்கு தேடி எடுக்கிற வேலை. எங்கள் கடற்கரையில் இதற்கு ஒரு முறை உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் உட்கார்ந்து பிடிப்பது அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூலிக்கு ஆள் வைத்தால் அவன் கவனம் கரைக்குப் போகலாம். கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்பது கணக்கு. முத்துக்குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்பார்கள். இப்போது பலர் கைவிட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் விடவில்லை. சாகுபுரத்தில் எனக்கு லீவு கிடைக்கும் நாளிலெல்லாம் அந்தோணிக்குக் கயிறு பிடித்தது நான்தான். கயிறு பிடிக்கிறவன் பேசக்கூடாது, பாடக்கூடாது, பீடி பிடிக்கக்கூடாது. முழுக் கவனமும் உள்ளங்கையில் இருக்க வேண்டும். கயிறு லேசாக ஆடினால் இருக்கிறேன் என்று அர்த்தம். வெடுக்கென்று சுண்டினால் இழு. அவன் மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "என்ன மச்சான், தூங்கிட்டீரோன்னு நெனச்சேன்" என்பான். எத்தனை தடவை இழுத்தாலும் அதே கிண்டல்தான்.

வர வர அவன் காதில் ரத்தம் வந்தது. சங்கும் குறைந்து, இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டியிருந்தது. வள்ளத்துக் கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கிய ஒருவன் கைகால் விழுந்து கிடப்பதை ரெஜினா பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் போட்டாள். "அண்ணே, எனக்குப் பிள்ளையுமில்ல. இவரும் போயிட்டா நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன். கடலு வேண்டாம். அங்கன கூட்டிட்டுப் போயிரு." வேலை விசாவுக்குக் காத்திருந்து, கிடங்குத் தொழிலாளியாக அவனைக் கொண்டுவந்தேன். அவள் வருவதற்கான ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. அவன் விமானம் ஏறிய அன்று அவனுடைய கயிற்றை முற்றத்தில் இரண்டு சுவருக்கும் நடுவே கட்டித் துணி காயப்போட்ட படத்தை ரெஜினா அனுப்பினாள். "இனி இதுக்கு இதான் சோலி" என்று குரலில் பேசியும் அனுப்பினாள். அவ்வளவு சிரிப்போடு அவள் பேசி நான் வருடக்கணக்காகக் கேட்டதில்லை.

ஆலையில் எல்லோருக்கும் அந்தோணியைப் பிடித்துப்போனது. ஆங்கிலம் அரைகுறை. ஆனால் குழாய் மாட்டவும் பீப்பாய் உருட்டவும் கழுவவும் அவனுக்கு இணை கிடையாது. எங்கள் ஆலையில் ஸ்டீல் தொட்டிகளோடு, கிடங்கின் தரைக்குள் கட்டிய பழைய சிமெண்ட் தொட்டிகளும் இருந்தன. மேலே ஆள் நுழையும் அளவு வாய், உள்ளே இறங்க ஏணி. முதல்முறை பார்த்துவிட்டு, "கெணறு மாதிரில்லா கெடக்கு" என்றான். நான் அவனுக்கு வாயுவைப் பற்றி விளக்கினேன். கரியமில வாயு காற்றைவிடக் கனம், தண்ணீரைப்போல் பள்ளம் தேடிப் போகும், நிறமும் இல்லை, அளக்கிற கருவி சொன்னால்தான் உண்டு, அது சொல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. அம்மாவின் சாடிக்குள் அணைந்த தீக்குச்சியையும் சொன்னேன். "கடலுக்குள்ள கெடந்தவனப் பாத்து நீரு தீக்குச்சியக் காட்டிப் பயமுறுத்துதீரு" என்று சிரித்தான். ஆனால் விதியை அவன் ஒருநாளும் மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஜெசிக்குக் கயிற்றின் பாஷையைக் கற்றுக்கொடுத்தான். அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு தோட்டக்குழாயின் ஒரு முனையைப் பிடிப்பாள். மறுமுனையை அவன் ஆட்டுவான், சுண்டுவான். அப்போது ஜெசி பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்புப் படிப்பில் சேர்ந்திருந்தாள். என் தொழிலை அவள் எடுத்ததில் எனக்கு இருந்த பெருமையை நான் மறைத்ததே இல்லை.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதற்குமேல் என்னால் முடியாது. கிரெய்க் என்பவர் கிடங்கில் நெடுங்காலம் இருப்பவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். காலியாகக் கிடந்த தரைத்தொட்டிக்குள் ஒரு குழாய்மூட்டு விழுந்துவிட்டது. எட்டி எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கருவி இல்லாமல் ஏணியில் இறங்கினார். பக்கத்துத் தொட்டிகளில் நொதித்துக்கொண்டிருந்த சாற்றின் வாயு அதற்குள் வழிந்து நிரம்பியிருந்தது. அடியில் போய் அப்படியே மடிந்து விழுந்தார். சத்தம் கேட்டு நான் கிடங்கின் மறுகோடியிலிருந்து ஓடினேன். அந்தோணி தொட்டியின் வாயருகே இருந்தான். அவன் மூச்சு எடுப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். வள்ளத்தின் விளிம்பில் எடுக்கிற அதே மூச்சு. மெதுவாக முழுவதையும் வெளியே விட்டு, பிறகு நெஞ்சு உயர ஒன்று. நான் கத்தினேன். அவன் இறங்கிவிட்டான்.

நான் விளிம்புக்கு வந்து குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தபோது, கிரெய்க்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் பாதி தூரம் வந்திருந்தான். கன்னம் உப்பி, வாய் இறுக மூடி, கண் திறந்து. அந்த முகத்தைத் தண்ணீருக்குள் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கிரெய்க்கின் சட்டை என் கைக்கு எட்டியது. ஆனால் பெரிய உடம்பு, அந்தச் சின்ன வாயில் தோள் மாட்டிக்கொண்டது. கீழேயிருந்து அவன் தள்ள, மேலேயிருந்து நான் இழுக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கடலாக இருந்தால் கயிற்றைச் சுண்டியிருப்பான். இங்கே கயிறு இல்லை. அதனால் அவன் வாயைத் திறந்தான். "மச்சான், இழு" என்றான்.

இழுத்தேன். கிரெய்க் மேலே வந்தார். மூச்சு முழுவதையும் அந்த ஒரு சொல்லில் விட்டுவிட்டவன் அடுத்த மூச்சை உள்ளே எடுத்திருக்க வேண்டும். கடலில் தண்ணீர் வாயை மூடவைக்கும், இந்த வாயு மூடவைக்காது. அவன் கை ஏணியை விட்டதைப் பார்த்தேன். நானும் இறங்கப் போனேன். இரண்டு பேர் என் பெல்ட்டைப் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டார்கள். தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்றுக்குடுவையோடு வந்து அவனைத் தூக்கும்வரை அவர்கள் என்னை விடவில்லை.

நான்தான் சொல்ல வேண்டும் என்று ரெஜினாவுக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. "கயிறு யாருண்ணே புடிச்சா?" என்று கேட்டாள். "கயிறு இல்ல, ரெஜினா." "கயிறு இல்லாம அவரு எப்படிண்ணே எறங்குவாரு?" என்றாள். நான் தப்பாகச் சொல்கிறேன் என்பதுபோல, திருத்திச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோலப் பொறுமையாகக் கேட்டாள். ஜெயா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். சில நாள் கழித்து, பணியிடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த மனிதரும் ஏறக்குறைய அதையே கேட்டார். அந்தோணி உள்ளே இறங்கியபோது வெளியே கண்காணிப்புக்கு இருந்தவர் யார்? "நான் அவருடைய மனைவியின் அண்ணன்" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, "உங்கள் குடும்பத்துக்கு என் அனுதாபங்கள்" என்றார். கேள்விக்குப் பதில்தான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. முறைப்படி கருவியும் கவசமும் இல்லாமல் யாரும் இறங்கியிருக்கக்கூடாது, மற்றவர்கள்மேல் குற்றமில்லை என்று விசாரணை முடிந்தது. தரைத்தொட்டிகளுக்குச் சிமெண்ட் ஊற்றி மூடினார்கள்.

அவனை ஊருக்குக் கொண்டுபோனேன். தூத்துக்குடியில் வெயில் ஏறும் முன்னால் அடக்கம். அவனோடு கடலுக்குப் போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஈரம் காயாத தலையோடு சிலர். ஒருவர் என் தோளைப் பிடித்து, "தண்ணியில்லாத எடத்துல முங்கிப் போனானாமே, அண்ணாச்சி" என்றார். கேட்டாரா, சொன்னாரா என்று தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது முற்றத்தில் கொடிக்கயிறு இல்லை. இரண்டு சுவரிலும் ஆணி மட்டும் இருந்தது. ரெஜினா எனக்குச் சோறு போட்டாள், மீன் முள்ளை எடுத்து வைத்தாள், "அங்கன சாப்பாடெல்லாம் எப்படிண்ணே" என்று கேட்டாள். என்னை ஒரு சொல் திட்டியிருந்தால் நான் இத்தனை நாள் இப்படி இருந்திருக்கமாட்டேன்.

இங்கே திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரெய்க் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் உட்கார்ந்திருந்தார். ஜெயா போய்க் கூட்டிவந்தாள். பை நிறைய அவர் வீட்டு மரத்து எலுமிச்சம்பழம். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "அவர் என்னைத் தூக்கும்போது ஏதோ சொன்னார். அரை நினைவில் எனக்குக் காதில் விழுந்தது. உங்கள் பாஷை. என்ன அது?" சொன்னேன். "மைத்துனரே, இழு." அவர் என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானா? ஏதாவது பிரார்த்தனையாக இருக்கும் என்று நினைத்தேன்." அவ்வளவுதான் என்றேன். எங்கள் ஊரில் அதற்குமேல் பெரிய நம்பிக்கையை ஒருவன் இன்னொருவன்மேல் வைக்க முடியாது என்று இங்கிலீஷில் சொல்ல எனக்கு வரவில்லை. எலுமிச்சம்பழத்தை ஜெயா ஊறுகாய் போட்டாள். அதை நாங்கள் யாரும் இன்னும் திறக்கவில்லை.

இந்த வருடம் அறுவடைக்கு ஜெசி எங்கள் ஆலைக்கே வேலைக்கு வந்தாள். படிப்பின் கடைசி வருடம், அனுபவம் காட்ட வேண்டும். வேறு ஆலைக்குப் போகச் சொன்னேன். பிறகு வேறு படிப்புக்குப் போகச் சொன்னேன். மருந்தாளுநர், ஆசிரியர், பேங்க், எதையெல்லாமோ சொன்னேன். ராத்திரி அவள் வரும்வரை ஜன்னலைவிட்டு நகர்வதில்லை, அவள் போனை எடுக்காவிட்டால் ஆலைக்கே போய்விடுவேன். என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. போன வாரம், சாறு வடித்த ஒரு ஸ்டீல் தொட்டிக்குள் இறங்கித் திராட்சைத் தோலை வாரித் தள்ளும் வேலை அவள் முறைக்கு வந்தது. மேலாளர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஆளைப் போடட்டுமா என்றார். நான் தலையாட்டுவதற்குள் ஜெசி வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் குரலை உயர்த்தினேன். "நீ எறங்கக்கூடாது. அவ்வளவுதான்."

"எறங்கலன்னா நான் என்ன ஒயின்மேக்கர்ப்பா? அடுத்தவங்கள எறங்கச் சொல்லிட்டு மேல நிக்கவா?"

"உங்க மாமா..."

"மாமா கயிறு இல்லாம எறங்குனாங்க. நான் கயிறு கட்டித்தான் எறங்குறேன். நீங்க புடிங்க."

ஜெயா சமையலறையிலிருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலை ரெஜினாவே கூப்பிட்டாள். ஜெசி அவளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தோணி போனபிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

"பிள்ள தொட்டியில எறங்குதாளாமே."

"ஆமா."

"கயிறு யாரு புடிக்கா?"

"நான்."

அந்தப் பக்கம் தெருவில் ஐஸ் வண்டி போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்ததும், "பேச்சுக் குடுக்காத. கையில கவனம் வையி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

தொட்டிக்குள் காற்றடித்து, கருவியை இறக்கிப் பார்த்து, மறுபடி பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டாயிற்று. ஜெசி தோளிலும் தொடையிலும் வார் மாட்டி, கருவியைச் சட்டையில் குத்திக்கொண்டு இறங்கினாள். அவள் முதுகிலிருந்து வந்த கயிறு, தொட்டியின் வாய்க்குமேல் நிறுத்திய இரும்பு முக்காலியின் கப்பி வழியாக ஏறி இறங்கியது. கப்பியே பிடித்துக்கொள்ளும், கையால் பிடிக்கத் தேவையில்லை என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். நான் பிடித்துக்கொண்டேன். இந்த ஊர் விதிப்படி வெளியே நிற்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கொரு தரம் கூப்பிட வேண்டும், உள்ளே இருப்பவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் விதிப்படி நான் பேசவே கூடாது. "ஜெசி, ஓகே?" என்று கூப்பிட்டேன். "ஓகே" என்று உள்ளேயிருந்து வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு அவள் வாய் திறந்திருக்கும், அடுத்து மூச்சை இழுத்திருப்பாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பதில் வந்தது. நல்ல காற்று என்று கருவி சொல்கிறது, நானே பார்த்தேன், நானே கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் அவள் பதில் சொல்ல வேண்டும் என்றும், சொல்லிவிடக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தமுறை கூப்பிட்டபோது என் குரலில் அவளுக்கு ஏதோ கேட்டிருக்க வேண்டும். பதில் வரவில்லை. மண்வெட்டி உரசும் சத்தமும் நின்றது. பிறகு என் உள்ளங்கையில் கயிறு லேசாக ஆடியது.

பக்கத்தில் பட்டியலோடு நின்றவர் கிரெய்க்தான். "அவள் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும்" என்று மெல்லச் சொன்னார்.

"சொல்லிவிட்டாள்" என்றேன்.

அவர் கயிற்றைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் மண்டியிட்டு, கயிற்றின் மிச்ச நீளத்தைத் தானும் பிடித்துக்கொண்டார். கிடங்கின் திறந்த கதவுக்கு வெளியே திராட்சைக் கொடிகள் குன்றுவரை வரிசையாகப் போயின. நான் அவற்றைப் பார்க்கவில்லை. தொட்டியின் இருட்டு வாயையே பார்த்துக்கொண்டு, வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவன்போல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒருமுறை வாய் தானாக "ஓகே?" என்று இங்கிலீஷில் கூப்பிட்டது. கை பேசாமல் காத்திருந்தது.